தோட்டத்து ஓடையில் கிடைக்கும் கரும்பச்சைக் கல்: உருமாறிய மாஃபிக் பாறையைப் படிக்கப் புதியவர்களுக்கு வழிகாட்டி

செம்பனைத் தோட்டத்து ஓடையில் கரும்பச்சையாக ஒரு கல் கிடைக்கிறது. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கிறது. "இது என்ன கல்?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. அதை இரண்டாகப் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். இது முன்பு எதுவாக இருந்தது? பிறகு இதற்கு என்ன நேர்ந்தது? முதல் கேள்விக்குக் கல்லின் வேதியியல் பதில் சொல்லும். இரண்டாவதற்குக் கனிமங்கள் பதில் சொல்லும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம்.

மாஃபிக் என்றால் மெக்னீசியமும் இரும்பும் மிகுந்த பாறை. பசால்ட், டோலரைட், காப்ரோ மூன்றும் இந்தக் குடும்பம். சிலிக்கா 45 முதல் 52 விழுக்காடு வரை இருக்கும். கடல்தளத்துப் பசால்ட்டில் பொதுவாக அலுமினா 15, இரும்பு ஆக்சைடு 10, மெக்னீசியம் ஆக்சைடு 7 முதல் 8, கால்சியம் ஆக்சைடு 11, சோடியம் ஆக்சைடு 2.7 விழுக்காட்டுக்கு அருகில் இருக்கும். பொட்டாசியம் மிகச் சொற்பம். இதே பொருள்கள் 400 பாகை செல்சியஸில் ஒரு வகையான கனிமங்களாக அடுக்கிக்கொள்கின்றன, 600 பாகையில் வேறு வகையாக அடுக்கிக்கொள்கின்றன. அரிசியும் உளுந்தும் அதேதான், இட்லியும் தோசையும் வேறு என்பதைப் போல. பின்லாந்தின் பென்ட்டி எஸ்கோலா 1915இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். உருமாற்ற நிலைகளின் (எவ்வளவு வெப்பத்திலும் அழுத்தத்திலும் கல் மாறியது என்ற படிகளின்) பெயர்கள் பல இன்றும் மாஃபிக் பாறையின் கனிமங்களை வைத்தே வழங்குகின்றன.

மலேசியாவின் பகாங் மாநிலத்தில் ரவுப், பெந்தோங் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தீபகற்பத்தின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் பெந்தோங்–ரவுப் தையல் வலயம் பழைய டெத்திஸ் பெருங்கடல் மூடிய இடம். இரண்டு நிலத்துண்டுகள் இருபது கோடி ஆண்டுகளுக்கும் முந்திய டிரயாசிக் காலத்தில் மோதி ஒட்டியபோது நடுவில் இருந்த கடல்தளத்தின் சிதறல்கள் இங்கே சிக்கிக்கொண்டன. செர்ட் (சிலிக்கா மிகுந்த கடின வண்டல்பாறை), ஷிஸ்ட் (ஏடு ஏடாகப் பிரியும் உருமாறிய பாறை), சர்பென்டினைட் (மெக்னீசியம் மிகுந்த கரும்பச்சைப் பாறை) எல்லாம் இந்த வலயத்தில் பதிவாகியிருக்கின்றன. ரவுப்புக்கு வடக்கே செரோ பக்கத்துச் சர்பென்டினைட் நன்கு அறியப்பட்டது.

புறப்படும் முன்

தோட்டம் தனியார் நிலம். தோட்ட ஆபிசில் மேனேஜரிடம் அனுமதி வாங்காமல் உள்ளே போகாதீர்கள். ஜாகாவுக்கும் (காவலாளிக்கும்) தகவல் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குலை வெட்டும் நாளில் அந்தப் பிளாக்கைத் தவிர்த்துவிடுங்கள், மேலிருந்து விழும் செம்பனைக் குலை ஆளைக் கொல்லும். குவாரிக்குள் அதன் பொறுப்பாளர் கூட வந்தால் மட்டுமே நுழையலாம். மழை பெய்யும்போதும் ஓய்ந்த உடனேயும் வெட்டிய மண்சரிவுக்கு அடியில் நிற்கக் கூடாது.

எடுத்துச் செல்ல வேண்டியவை: ஒரு கிலோ எடையுள்ள புவியியல் சுத்தியல், கண்காப்புக் கண்ணாடி, 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், காந்தம், எஃகுக் கத்தி, திசைகாட்டி, தடித்த பிளாஸ்டிக் பைகள், அழியாத மார்க்கர். தச்சர் சுத்தியல் வேண்டாம். அதன் எஃகு கல்லில் மோதிச் சில்லு தெறிக்கும், அந்தச் சில்லு கண்ணுக்குத்தான் வரும். பழைய வரைபடம் கையில் இருந்தால் நல்லது. கனிம, புவி அறிவியல் துறையும் அதற்கு முன்பிருந்த புவியியல் துறையும் வெளியிட்ட தீபகற்பப் புவியியல் வரைபடத்தின் 1985 பதிப்பும் 2014 பதிப்பும் பயன்படும். ஆனால் அந்த அளவில் ஒரு தோட்டத்துப் பிளாக் ஊசிமுனைதான். எந்த வகைப் பாறைக்குள் நிற்கிறோம் என்பதற்கு மேல் வரைபடத்திடம் எதுவும் கேட்காதீர்கள்.

நார்போல் பிரியும் கல்லைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும். ஆக்டினோலைட், டிரெமோலைட் என்ற கனிமங்கள் இரண்டும் சில சமயம் நாராக வளரும். சர்பென்டினைட்டின் வெடிப்புகளில் கிரிசோடைல் நார் இருக்கும். இவை அஸ்பெஸ்டாஸ், மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. பட்டு நூல்போல் பளபளத்து, நகத்தால் நெருடினால் இழை இழையாகப் பிரியும் கல்லை உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், பொடிக்காதீர்கள். சாதாரண மூக்குமூடி இதற்குக் காப்பு ஆகாது. படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

புதுக்கல் தேடுவது

நம் ஊரில் இதுதான் பாதி வேலை. வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் சேர்ந்து தின்பதால் பாறைக்கு மேல் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிய மண் மூடியிருக்கும். மாஃபிக் பாறை கிரானைட்டைவிட வேகமாக மக்கும். முதலில் கால்சியம், சோடியம், மெக்னீசியம் கரைந்து ஓடும், பின்னாலேயே சிலிக்காவும் போகும். இரும்பு, அலுமினியம், டைட்டானியம் தங்கிவிடும். அதனால்தான் பசால்ட் மேல் உருவான குவாந்தான் வகை மண் அவ்வளவு சிவப்பு. கிரானைட் மேல் உருவான ரெங்கம் வகை மண்ணில் குவார்ட்ஸ் மணல் நெருடும், மாஃபிக் பாறையின் மண்ணில் அந்த நெருடல் இராது. கொஞ்சம் மண்ணை நனைத்து விரல்களுக்கு இடையே தேய்த்துப் பாருங்கள். தேடும் இடத்தைச் சுருக்க இது போதும்.

புதுக்கல் கிடைக்கும் இடங்கள் மூன்று: ஓடையின் தளப்பாறை, அண்மையில் வெட்டிய சாலைச் சரிவு, மறுநடவுக்காகப் புல்டோசர் புரட்டிய இடம். சரிவுகளில் வெங்காயத் தோல்போல் உரியும் உருண்டைகளைப் பார்ப்பீர்கள். உரிந்த தோல் மண். நடுவில் இருக்கும் கொட்டைதான் உங்களுக்கு வேண்டியது.

தோட்ட ரோட்டில் கொட்டிக் கிடக்கும் கல்லை நம்பவே கூடாது. அது எங்கோ ஒரு குவாரியிலிருந்து லோரியில் வந்தது. தண்டவாளக் கல்லும் அப்படியே. ஓடைக்கல்லுக்கும் ஊர் தெரியாது. தளப்பாறையோடு ஒட்டியிருப்பதை உடைத்து எடுத்தால் மட்டுமே அது அந்த இடத்துப் பாறை என்று எழுதலாம். ஓடைக்கல் என்றால் குறிப்பேட்டில் "ஓடைக்கல்" என்றே எழுதுங்கள்.

உடைக்கும் முன் படம் எடுங்கள். கனிமங்கள் ஒரு தளத்தில் படுத்திருந்தால் அந்தத் தளத்தின் திசையையும் சாய்வையும் அளந்து எழுதுங்கள், உடைத்த பிறகு அது திரும்பக் கிடைக்காது. பக்கத்துப் பாறை என்ன என்பதையும் எழுதுங்கள். பளிங்குச் சுண்ணாம்புக்கல்லோடு மாறி மாறி மெல்லிய பட்டைகளாக வந்தால் உங்கள் கல் எரிமலைக் குழம்பிலிருந்து வந்ததாகவே இராமல் போகலாம். களியும் டோலமைட்டும் கலந்த பழைய வண்டல் வெந்தாலும் ஆம்பிபோலைட் (ஹார்ன்பிளெண்ட் என்ற கரிய கனிமமும் பிளாஜியோகிளேஸ் என்ற வெளிர் கனிமமும் மிகுந்த உருமாறிய கல்) கிடைக்கும்.

ஆம்பிபோலைட் எளிதில் உடையாது. உள்ளே ஹார்ன்பிளெண்ட் கம்பிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். நடுவில் அடித்தால் சுத்தியல்தான் துள்ளும். நீட்டிக்கொண்டிருக்கும் முனையையோ விளிம்பையோ தேர்ந்து அடியுங்கள். தட்டும்போது "டிங்" என்று உலோக ஓசை வந்தால் கல் புதியது. "தொப்" என்றால் உள்ளே மக்கியிருக்கிறது.

கையில் வைத்துப் பார்ப்பது

உடைத்த முகத்தைத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை அதன் அருகே கொண்டுவாருங்கள். லென்ஸைக் கல்லின் மேல் வைத்துத் தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது காலை வெயிலில் கல்லை மெல்லச் சாயுங்கள். புளியங்கொட்டையைவிடச் சிறிய கரிய முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடித் துண்டுபோல் பளிச்சிட்டு அணையும். அது ஹார்ன்பிளெண்டின் பிளவு முகம். அவற்றுக்கு இடையே பால் வெள்ளையாகவோ சாம்பலாகவோ நிரம்பியிருப்பது பிளாஜியோகிளேஸ். கம்பியின் குறுக்குவெட்டு முனை எங்காவது தெரிந்தால் பிளவுக் கோணத்தைப் பாருங்கள். சாய்சதுரம்போல் 56, 124 பாகை என்றால் ஆம்பிபோல், அதாவது ஹார்ன்பிளெண்டின் குடும்பம். கிட்டத்தட்டச் சதுரமாக 87, 93 பாகை என்றால் பைராக்சீன் என்ற வேறு கனிமக் குடும்பம்.

நம் பக்கத்தில் கருப்பாக இருப்பதெல்லாம் ஹார்ன்பிளெண்ட் அல்ல. வெள்ளீயச் சுரங்கப் பிரதேசம் என்பதால் கிரானைட்டை ஒட்டிய இடங்களில் கரிய டூர்மலின் நிறைய உண்டு. அதில் பளிச்சென்ற பிளவு இராது. நீளவாக்கில் வரிவரியாகக் கோடு ஓடும், குறுக்குவெட்டு முக்கோணம்போல் புடைத்திருக்கும், கத்தி கீறாது. பயோடைட் என்ற கரிய மைக்கா என்றால் ஊசிமுனையால் ஏடு ஏடாக உரியும், உரித்த ஏட்டை வளைத்து விட்டால் நிமிர்ந்துகொள்ளும். வெடிப்புகளில் படிந்த மாங்கனீசுப் பூச்சும் கருப்புதான். புதிதாக உடைத்த முகத்தில் அது இல்லை என்றால் கணக்கில் எடுக்க வேண்டாம்.

பச்சை நிறக் கல்லானால் மூன்று கனிமங்களைத் தேடுங்கள். குளோரைட் கரும்பச்சை ஏடு, நகத்தாலேயே கீறலாம், தொட்டால் வழவழக்கும். ஏட்டை வளைத்தால் வளைந்தபடியே நிற்கும், பயோடைட்போல் நிமிராது. எபிடோட் பிஸ்தாப் பருப்பின் மஞ்சள்பச்சை. சிறு மணிகளாகவோ நரம்பாகவோ ஓடும், கத்தி கீறாது. ஆக்டினோலைட் பச்சை ஊசி.

சிவப்பு மணிகள் கண்ணில் பட்டால் கார்னெட்டாக இருக்கலாம். பல முகங்கொண்ட உருண்டை, பிளவு இல்லை, கத்தி கீறாது. நகைக்கடைக் கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான், ஆனால் அது வேறு வகை. ஆம்பிபோலைட்டில் வருவது பெரும்பாலும் இரும்பு மிகுந்த அல்மண்டைன். மக்கிய கல்லில் கார்னெட் துருப்பொட்டாக மாறியிருக்கும். துரு உருண்டையை எல்லாம் கார்னெட் என்று எழுதிவிடாதீர்கள்.

கால்சைட் இருக்கிறதா என்று பார்க்கச் சமையலறைச் சுக்கா (வினிகர்) போதும். கத்தியால் சுரண்டிப் பொடியாக்கி ஒரு துளி விட்டால் சிறு குமிழ்கள் எழும், கைலென்ஸில்தான் தெரியும். ரப்பர் தோட்டங்களில் பால் உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தை இதற்கு எடுக்காதீர்கள். நீர் கலக்காத அமிலம் தோலைப் பொசுக்கும்.

அஞ்சடியில் செய்யும் அடர்த்திச் சோதனை

சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு பிளாஸ்டிக் வாளி, கொஞ்சம் தையல் நூல் இருந்தால் வீட்டு அஞ்சடியிலேயே (முன்தாழ்வாரத்திலேயே) இதைச் செய்து முடிக்கலாம். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு தகவல் தரும் சோதனை வேறு இல்லை.

கல்லின் மக்கிய தோலை உடைத்து நீக்கி, கழுவி, ஒரு நாள் காயவிட்டு எடை எடுங்கள். வாளியில் முக்கால்வாசித் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்துச் சுழியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுக அமிழ்த்திப் பிடியுங்கள். அடியிலும் பக்கத்திலும் தொடக் கூடாது. அப்போது தராசு காட்டும் கிராம் எண்தான் கல்லின் கனஅளவு, மில்லிலிட்டரில். காய்ந்த எடை 412 கிராம், தராசு காட்டியது 138 என்றால் அடர்த்தி 412 ÷ 138, அதாவது 2.99.

கிரானைட் 2.6 முதல் 2.7. ஆம்பிபோலைட் பெரும்பாலும் 2.9 முதல் 3.1. சர்பென்டினைட் 2.5 முதல் 2.7 வரை, பார்க்கக் கரும்பச்சையாக இருந்தாலும் எடையில் காட்டிக்கொடுத்துவிடும். அதில் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் இருப்பதால் பெரும்பாலும் காந்தத்தையும் இழுக்கும். மிக ஆழத்தில் உருவாகும் எக்லோகைட் 3.5ஐத் தொடும்.

தவறு வரும் வழிகள் சில. 50 கிராம் கல்லை வைத்துச் செய்தால் கனஅளவு 17 மில்லிலிட்டர்தான். தராசு ஒரு கிராம் பிசகினால் விடை 6 விழுக்காடு பிசகும், அதாவது ஆம்பிபோலைட்டும் கிரானைட்டும் ஒன்றாகிவிடும். 400 கிராமுக்குக் குறைந்த கல் வேண்டாம். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்களை விரலால் தேய்த்து விடுங்கள். மூன்று முறை அளந்து, மூன்றும் 0.03க்குள் ஒத்துப்போனால் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அமிழ்த்திய கல் தண்ணீரைக் குடித்துத் தராசின் எண் நகர்ந்துகொண்டே இருந்தால் கல் மக்கியது, வேறு துண்டு எடுங்கள்.

கனிமங்கள் சொல்லும் வெப்பம்

பசால்ட்டில் முதலில் இருந்தவை கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸும் பைராக்சீனும். தண்ணீரோடு சேர்ந்து ஏறக்குறைய 300 முதல் 500 பாகையில் வேகும்போது பிளாஜியோகிளேஸ் உடைந்து ஆல்பைட்டும் (சோடியம் மிகுந்த பிளாஜியோகிளேஸ்) எபிடோட்டும் ஆகிறது. பைராக்சீன் ஆக்டினோலைட்டாகவும் குளோரைட்டாகவும் மாறுகிறது. குளோரைட், எபிடோட், ஆக்டினோலைட், ஆல்பைட் நான்கும் கூடினால் பச்சை ஷிஸ்ட் நிலை.

500 பாகையைத் தாண்டினால் இந்த நால்வர் கூட்டு கலைகிறது. ஹார்ன்பிளெண்டும் கால்சியம் ஏறிய பிளாஜியோகிளேஸும் உண்டாகி, தண்ணீர் வெளியேறுகிறது. இதுதான் ஆம்பிபோலைட் நிலை. 700 பாகைக்கு மேல் ஹார்ன்பிளெண்டும் உடையத் தொடங்கி இரண்டு வகைப் பைராக்சீன் வந்தால் கிரானுலைட். வெப்பம் ஏற ஏறக் கல்லில் தங்கும் தண்ணீர் குறைந்துகொண்டே போவதைக் கவனியுங்கள். பரிசோதனைக்கூட அறிக்கை வரும்போது இது கைகொடுக்கும்.

வெப்பம் குறைந்து அழுத்தம் மட்டும் ஏறினால் கிளாக்கோஃபேன் என்ற நீல ஆம்பிபோல் கொண்ட நீல ஷிஸ்ட், இன்னும் ஆழத்தில் கார்னெட்டும் ஓம்ஃபசைட் என்ற பச்சைப் பைராக்சீனும் மட்டும் முதன்மையாக நிற்கும் எக்லோகைட். பிளாஜியோகிளேஸ் இருந்தால் அது எக்லோகைட் அல்ல. இவற்றைப் பார்க்க கலிபோர்னியாவின் பிரான்சிஸ்கன் தொகுதியும் கிரேக்கத்தின் சிரோஸ் தீவும் பேர்போனவை.

ஒரே கல்லில் இரண்டு நிலைகள் தெரிவதும் உண்டு. ஹார்ன்பிளெண்டின் விளிம்பில் மட்டும் குளோரைட்டும் ஆக்டினோலைட்டும் படர்ந்திருந்தால் கல் முதலில் ஆம்பிபோலைட்டாகி, ஆறும்போது தண்ணீர் புகுந்து பின்வாங்கியிருக்கிறது. உள்ளிருப்பதை உச்ச வெப்பமாகவும் விளிம்பை ஆறிய காலமாகவும் படியுங்கள். இதைக் கைலென்ஸால் உறுதிசெய்ய முடியாது. 0.03 மில்லிமீட்டர் தடிப்புள்ள மென்சீவல் வெட்டி, முனைவாக்க நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும். அங்கே ஹார்ன்பிளெண்டின் நிறமும் பேசும்: நீலப்பச்சை என்றால் குறைந்த வெப்பம், டைட்டானியம் ஏறிப் பழுப்பானால் கூடிய வெப்பம்.

வேதியியலுக்கு அனுப்புவது

நுண்மணிக் கல் என்றால் ஒரு கிலோ, பெருமணி என்றால் இரண்டு கிலோ அல்லது அதற்கு மேல். தோல், வெடிப்பு, குவார்ட்ஸ் அல்லது எபிடோட் நரம்பு எல்லாவற்றையும் தட்டி நீக்கி, பாக்கு அளவுத் துண்டுகளாக உடையுங்கள். சுத்தியல் பட்ட உலோகக் கறையுள்ள துண்டுகளைப் பொறுக்கி எறியுங்கள். கழுவிக் காயவைத்துப் பையில் போட்டு, பையின் மேலும் உள்ளே ஒரு சீட்டிலும் எண்ணை எழுதுங்கள். மேலே எழுதியது மட்டும் இருந்தால் அழியும்.

எதில் அரைக்கப் போகிறார்கள் என்று பரிசோதனைக்கூடத்தில் கேளுங்கள். எஃகு அரைவையிலிருந்து இரும்பும் குரோமியமும் கலக்கும், டங்ஸ்டன் கார்பைடிலிருந்து டங்ஸ்டன், கோபால்ட், டான்டலம் கலக்கும். அகேட் அரைவை நல்லது, மெதுவானது. முதன்மை ஆக்சைடுகளுக்கு உருக்கிய கண்ணாடி வில்லையில் எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறை, அருமண் தனிமங்களுக்கு பிளாஸ்மா நிறமாலை முறை கேட்டு வாங்குங்கள். பத்து மாதிரிக்கு ஒன்றை வேறு எண்ணில் இரண்டாம் முறை அனுப்புங்கள். பி.எச்.வி.ஓ.-2 போன்ற, அளவுகள் முன்பே தெரிந்த தரப் பசால்ட்டுக்கு அவர்கள் பெற்ற எண்களையும் அறிக்கையில் கேளுங்கள். கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவி சோடியத்தைக் காட்டாது, மெக்னீசியத்தில் தடுமாறும். அதை வைத்து மாஃபிக் பாறையை முடிவுசெய்யாதீர்கள்.

அறிக்கை வந்ததும் முதலில் கூட்டுத்தொகையைப் பாருங்கள். 98.5க்கும் 101க்கும் இடையே இராவிட்டால் மேலே படிக்க வேண்டாம். அடுத்து, சூடாக்கினால் குறையும் எடை. இங்கே ஒரு கண்ணி உண்டு. 1000 பாகையில் தண்ணீர் போகும்போதே இரும்பு காற்றிலிருந்து ஆக்சிஜன் ஏற்கிறது. 10 விழுக்காடு ஃபெரஸ் ஆக்சைடு முழுதும் மாறினால் எடை 1.1 விழுக்காடு கூடும். உண்மையில் 1.5 விழுக்காடு தண்ணீர் உள்ள ஆம்பிபோலைட் 0.4 என்று காட்டும். எண் குறைந்திருப்பதால் தண்ணீர் இல்லை என்று ஆகாது. மாறாக 12, 13 என்று வந்து, மெக்னீசியம் ஆக்சைடு 38க்கு அருகிலும் நிக்கல் பத்து லட்சத்தில் 2,000 பங்கும் இருந்தால் அது சர்பென்டினைட். அந்தக் கல்லின் மேல் உள்ள மண்ணில் மெக்னீசியம் மிகுந்து கால்சியம் குறைந்திருக்கும். தோட்டக்காரர் யாராவது அங்கே கீசரைட் என்ற மெக்னீசிய உரம் போடப் போவதாகச் சொன்னால், மண்ணையும் இலையையும் சோதித்த பிறகு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

முதல் கேள்வி, அதாவது கல் முன்பு எதுவாக இருந்தது என்பதற்குப் பொட்டாசியம், ருபீடியம், பேரியம், சோடியம் ஆகியவற்றைக் கேட்காதீர்கள். கடல்தளத்தின் வெந்நீரிலும் உருமாற்றத்தின்போதும் நம் மழையிலும் அவை நகர்ந்துகொண்டே இருந்தவை. டைட்டானியம், சிர்கோனியம், இட்ரியம், நியோபியம், தோரியம், வனேடியம் ஆகியவை பெரும்பாலும் இடம் மாறாதவை. எளிய கணக்கு ஒன்று: டைட்டானியத்தை வனேடியத்தால் வகுங்கள். டைட்டானியம் ஆக்சைடு 1 விழுக்காடு என்றால் டைட்டானியம் பத்து லட்சத்தில் 5,993 பங்கு. ஆக்சைடு 1.5, வனேடியம் 300 என்றால் 8,990 ÷ 300, ஏறக்குறைய 30. இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடையே என்றால் நடுக்கடல் முகட்டுப் பசால்ட்டோடு ஒத்துப்போகிறது. இருபதுக்குக் கீழே தீவு வளைவு எரிமலை, ஐம்பதுக்கு மேலே காரத்தன்மையுள்ள பசால்ட். இது பசால்ட்டாக உறைந்த குழம்புக்கான கணக்கு. காப்ரோபோல் படிகங்கள் தேங்கிச் சேர்ந்த பாறைக்கும் வண்டலிலிருந்து வந்த ஆம்பிபோலைட்டுக்கும் பொருந்தாது. ஒரே ஒரு கல்லை வைத்து ஒரு பெருங்கடலை வரையாதீர்கள். ஒரே இடத்தில் வெளியே தெரியும் தளப்பாறையிலிருந்து குறைந்தது ஐந்தாறு மாதிரி வேண்டும்.

மிச்சக் கல்லில் ஒரு கைப்பிடித் துண்டையாவது எண்ணெழுதி வையுங்கள். எண்ணுக்கு வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பொட்டு, அது காய்ந்ததும் கறுப்பு மையில் எண், அதன் மேல் நிறமற்ற நகப்பூச்சு ஒரு பூச்சு. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் ஈப்போவில் புவியியல் அருங்காட்சியகம் இருக்கிறது. போகும்போது குறிப்பேட்டையும், புதிதாக உடைத்த முகம் தெரியும் துண்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.